புறக்கோட்டையில் மாதச் சாமான் வாங்கினால் உண்மையிலேயே காசு மிஞ்சுமா?

வெள்ளவத்தை_06:
கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இப்போது எல்லாச் சாமானும் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்குகிறோம். மாதம் ஒருமுறை புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் போனால் மிச்சம் வருமா, அல்லது ஓட்டோக் கூலியோடு சரியாகிவிடுமா? சொந்த வாகனம் இல்லை. தொடர்மாடி வீடு, சாமான் அடுக்க இடமும் குறைவு. எதை மொத்தமாக எடுக்கலாம், எது பழுதாகிவிடும் என்று கணக்கோடு யாராவது சொல்லுங்கள்.

கணக்குக்_கொப்பி:
மிஞ்சும், ஆனால் எல்லாச் சாமானிலும் இல்லை. முதலில் கூலியைப் பாருங்கள். திரும்பி வரும் ஓட்டோவுக்கு 1,000 ரூபா கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். கிலோவுக்கு 50 ரூபா மலிவான சாமானில் 20 கிலோ வாங்கினால்தான் அந்தக் கூலியே அடையும். மிச்சம் அதற்கு மேல்தான் தொடங்கும். ஆகவே ஓட்டோவை மறந்துவிடுங்கள். காலி வீதியில் 100, 101 இரண்டு பஸ்ஸும் புறக்கோட்டைக்குத்தான் போகின்றன. ரயில் என்றால் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டையில் இறங்கி நடக்கலாம். இரண்டு துணிப்பையில் ஆளுக்கு 10, 12 கிலோ தூக்கலாம்.

அந்த 12 கிலோவுக்குள் எதைப் போடுகிறீர்கள் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் 50 கிராம், 100 கிராம் பக்கெட்டில் விற்கும் சாமான்களைக் கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள்: நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, ஏலக்காய், செத்தல் மிளகாய், மல்லி, நெத்தலி. பாரம் குறைவு, விலை வித்தியாசம் அதிகம். அடுத்தது மைசூர்ப் பருப்பு, கடலை, உள்ளி. அரிசி, சீனி, கோதுமை மாவைப் புறக்கோட்டையிலிருந்து சுமக்க வேண்டாம். கிலோவில் வரும் சின்ன வித்தியாசம் தோள் வலிக்குக் காணாது. அவற்றை அரசாங்கத்தின் சதொசக் கடையிலோ பக்கத்துக் கடையிலோ எடுங்கள்.

போக வேண்டியது நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களுக்கு. ஒரு மூடைக்குக் குறைவாக விற்காத கடைகள் உண்டு, அதே வரிசையில் ஒரு கிலோவும் நிறுத்துத் தருகிறவர்களும் உண்டு. விலை கேட்க முன்னர் "கிலோக் கணக்கில் கிடைக்குமா" என்று கேளுங்கள். ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் பெரும்பாலும் பூட்டு. மரக்கறிக்காக அங்கே போக வேண்டாம். மானிங் சந்தை பேலியகொடைக்கு மாறிச் சில வருடமாகிறது.

தூள்_பெட்டி:
செத்தல் மிளகாய் வாங்கும்போது ஒன்றை எடுத்து வளையுங்கள். படக்கென்று முறிய வேண்டும், குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். தோல்போல வளைந்தால் ஈரம் இருக்கிறது, அதாவது தண்ணீருக்கும் மிளகாய் விலை கொடுக்கிறீர்கள். முறித்த மிளகாயின் உட்பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம் தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நாலு பேருக்குக் கறித்தூள் திரிக்க: செத்தல் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 125, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, ஒரு துண்டு மஞ்சள், ஒரு பிடி கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. மல்லி சூடேறி மணம் வர முன்னர் வெந்தயம் கருகிவிடும், தூள் கைக்கும். ஒவ்வொன்றாக வறுத்து, மிளகாயைக் கடைசியில் இளஞ்சூட்டில் பிரட்டுங்கள்.

அரை கிலோவுக்குக் குறைவாக மில்லுக்குக் கொண்டு போவதில் லாபமில்லை. இயந்திரத்துக்குள் கொஞ்சம் தங்கும், முந்தி அரைத்தவருடைய தூளும் உங்களுடையதில் கலக்கும். அரைத்து வந்ததும் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு போத்தலில் அடைத்தால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப விழுந்து கட்டி பிடிக்கும். பாவிக்க ஒரு சின்னப் போத்தல் வெளியில், மிச்சம் பிரிட்ஜில்.

கொழும்பு_ஈரம்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பருப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், கடற்கரைப் பக்கம் இன்னும் மோசம். மாதத்துக்கு இரண்டு கிலோ பருப்பு முடிக்கும் வீடு ஆறு கிலோ வாங்கினால் மூன்றாம் மாதம் வண்டுக்குத்தான் போகும். வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டு வைப்பார்கள். அது வெளியில் இருந்து வரும் வண்டைக் கொஞ்சம் தடுக்கலாம், கடையிலிருந்தே வந்த முட்டையைக் கொல்லாது. முட்டையைக் கொல்ல வேண்டுமென்றால் இறுக்கமான பையில் கட்டி நாலு நாள் பிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே வேர்க்காது.

அரிசியை வீட்டுக் கணக்கில் வாங்குங்கள். ஆளுக்கு ஒரு நேரம் 100 கிராம் என்றால் நாலு பேருக்கு ஒரு வேளை 400 கிராம், மாதம் 12 கிலோ. இரவில் பாணோ இடியப்பமோ என்றால் 25 கிலோ மூடை உங்களுக்கு இரண்டு மாதம் கிடக்கும். அதற்கு 10 கிலோப் பையே நல்லது. மூடையை வாங்கி இரண்டு வீடு பிரிப்பதும் நல்ல வழி.

வெங்காயத்தைக் காம்புப் பக்கம் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமிழ்ந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது. வீட்டில் பொலித்தீன் பையை அவிழ்த்து, கூடையில் காற்றுப் பட வையுங்கள், உருளைக்கிழங்கோடு சேர்க்காமல். இரண்டையும் ஒன்றாக வைத்தால் கெதியாகப் பழுதாகலாம். ஐந்து கிலோவில் ஒரு கிலோ அழுகினால், கிலோ 200 என்று வாங்கியது உங்களுக்கு 250 ஆகிவிட்டது. உள்ளூர் அறுவடை நேரம் இறக்குமதி வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் அரசாங்கம் வரியைக் கூட்டுவது வழமை. அந்தச் செய்தி வந்தால் இரண்டு கிழமைக்கு வேண்டியதை முன்னரே எடுத்து வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வெள்ளவத்தை_06:
நன்றி, நன்றாக விளங்குகிறது. தேங்காயும் மீனும்தான் எங்கள் பில்லில் பெரிய பங்கு. இவற்றை மொத்தமாக வாங்கவும் முடியாதே? சூப்பர் மார்க்கெட்டில் கிரெடிட் கார்ட் கழிவுக்கு வாங்குவது புத்தியா?

கணக்குக்_கொப்பி:
தேங்காய் எண்ணிக்கையில் விற்கும் இடத்தில் பாரமானதைத் தெரிவு செய்யுங்கள், விலை ஒன்றுதான். காதருகே ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். மூன்று கண்ணும் காய்ந்திருக்க வேண்டும். கண்ணில் ஈரமோ பூசணமோ இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். உடைத்த பிறகு கண் உள்ள பாதியை முதலில் பாவியுங்கள், அதுதான் முந்திப் பழுதாகும். திருவிய பூவைத் தட்டையாக ஒரு நாள் அளவில் பையில் போட்டு பிரீசரில் வைக்கலாம். பால் பிழியும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டால் இரண்டாம் பாலும் கட்டியாக வரும்.

மீனுக்குக் கலண்டரைப் பாருங்கள். வெளிச்சம் போட்டுப் பிடிக்கும் சின்ன மீன்கள் பறுவ நிலவில் குறைவாகப் படும், விலை ஏறும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் மலியும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது நெத்தலியும் கருவாடும் கை கொடுக்கும்.

கார்ட் கழிவு பல நேரம் மரக்கறி, பழம், மீனுக்கு மட்டும் குறிப்பிட்ட நாளில் தருவார்கள், உச்ச வரம்பும் இருக்கும். அந்த நாளில் அந்த வகையை மட்டும் வாங்கி வெளியே வாருங்கள். மாத முடிவில் முழுக் காசையும் கட்ட முடியாவிட்டால் வட்டி கழிவைத் தின்றுவிடும்.

தூள்_பெட்டி:
விலைப் பலகையையும் கவனியுங்கள். மரக்கறிக் கடைகளில் பெரிய எழுத்தில் நிற்பது பல நேரம் 250 கிராம் விலை, நாலால் பெருக்குங்கள். தேங்காய் எண்ணெய் "போத்தல்" என்றால் 750 மில்லி. லீட்டர் விலையோடு ஒப்பிட மூன்றால் பிரித்து நாலால் பெருக்க வேண்டும். 400 கிராம் பால்மாப் பக்கெட்டை இரண்டரையால் பெருக்கி ஒரு கிலோப் பக்கெட்டோடு பாருங்கள், சில நேரம் சின்னதுதான் மலிவு. பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால் பில்லை வைத்துக்கொண்டு 1977க்கு எடுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் அது. துணிப்பையை மறக்காதீர்கள், இப்போது கடையில் பைக்கும் காசு.