பொட்டாசியத்தின் 19-வது எலக்ட்ரானை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படி விளக்குவது?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அணு அமைப்பு நடத்துகிறேன். ரூதர்ஃபோர்டின் தங்கத்தகடு சோதனை, நீல்ஸ் போரின் அணு மாதிரி எல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. எலக்ட்ரான் பங்கீட்டில்தான், அதாவது அணுக்கருவைச் சுற்றியுள்ள எந்தக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதில்தான், உங்கள் உதவி தேவை.

மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் வரை இருக்கலாம் என்று சொல்லித்தருகிறோம். அப்படியென்றால் பொட்டாசியம் 2, 8, 9 என்றுதானே வர வேண்டும், ஏன் 2, 8, 8, 1 என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் இருக்காது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அது விதி, காரணம் இல்லையே. கூடுகளுக்குள் துணைக்கூடுகள் என்ற உட்பிரிவுகள் உண்டு, பொட்டாசியத்தில் நான்காம் கூட்டின் 4எஸ் துணைக்கூட்டின் ஆற்றல் மூன்றாம் கூட்டின் 3டி-யைவிடக் குறைவு என்பது பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். அதோடு, கால்சியம் 2, 8, 8, 2 என்று இருக்க, ஸ்காண்டியம் 2, 8, 9, 2 ஆகிறது. அதைப் பார்த்தால், மூன்றாம் கூட்டில் இப்போது மட்டும் எப்படி ஒன்பது என்ற அடுத்த கேள்வியும் நிச்சயம் வரும்.

பொட்டாசியமும் சோடியத்தைப் போலவே தண்ணீரோடு வேகமாக வினைபுரிவதை வீடியோவில் காட்டி, இரண்டுக்கும் வெளியே ஒரே எலக்ட்ரான்தான் என்று அவர்களையே ஊகிக்க வைக்கலாமா என யோசிக்கிறேன். துணைக்கூடுகளுக்குள் போகாமல், தவறாகவும் சொல்லாமல் இதை விளக்கியவர்கள் இருக்கிறீர்களா? படம், செயல்பாடு எதுவானாலும் சரி, பகிருங்கள்.