டிக் டிக் சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்: அடுத்து எதை வாங்குவது?

மழைக்குருவி:
வணக்கம். அப்பா பேசிய பழைய கேசட்டுகள் 23. எல்லாமே ஒரு மணி நேரக் கேசட். ஒவ்வொன்றாக ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடப் போட்டோக்களும் அதில்தான். வேறெங்கும் காப்பி இல்லை. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளில் கால் தட்டி டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. இப்போது செருகினால் விளக்கு எரிகிறது, சீராக "டிக்... டிக்... டிக்" என்று சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை செருகிப் பார்த்தேன். இனிமேல் நம்பகமான ஒன்றாக வாங்க வேண்டும். எந்த பிராண்ட் நல்லது? சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கினால் இந்தப் பயம் இருக்காதா?

கண்ணாடி ஜன்னல்:
எஸ்எஸ்டிக்கு என் ஓட்டு. பழைய டிஸ்கில் ரெக்கவரி மென்பொருள் ஏதாவது போட்டுப் பாருங்களேன்.

இரவு ஷிஃப்ட்:
சகோ, தயவுசெய்து அதை இனி ஒரு தடவைகூடச் செருகாதீர்கள். ரெக்கவரி மென்பொருளும் வேண்டாம். டிஸ்க் பதில் சொன்னால்தான் மென்பொருளுக்கு வேலை. உங்களுடையது பதிலே சொல்லவில்லை.

நான் பல வருடம் பழுதுபார்க்கும் மேஜையில் இருந்தவன். உள்ளே தட்டு சுழலும்போது, படிக்கும் ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் மோதிவிடும். டிக் என்பது, ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய் மறுபடி முயலும் சத்தம். ஹெட் அடிபட்டிருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைச் சுரண்டும். இப்படி வந்த டிஸ்க் ஒன்றைத் திறந்தபோது, கண்ணாடி மாதிரிப் பளபளத்த தட்டில் வட்டமாக ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோட்டில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது, அது தூளாகிவிட்டது. அதனால் வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம் அப்படியே கொடுங்கள்.

பிராண்ட் பற்றி: இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்களே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்று பேர்தான். ஆன்லைன் பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்குகளில் எது எவ்வளவு பழுதாகிறது என்று 2013 முதலான கணக்கை வெளியிட்டு வருகிறது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் நன்றாக உழைக்கும், இன்னொன்று சீக்கிரம் போகும். நிச்சயம் சாகாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது. வாரண்டியில் புது டிஸ்க் தருவார்கள், அப்பாவின் குரலைத் தர மாட்டார்கள்.

எஸ்எஸ்டி விழுந்தால் தாங்கும், உண்மைதான். ஆனால் அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாகப் போகும். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கவும் அது ஏற்றதில்லை.

அதனால் ஒரு உசத்தியான டிஸ்கைத் தேடுவதை விட, சாதாரண டிஸ்க் இரண்டு வாங்குங்கள். வேறு வேறு மாடலாக இருக்கட்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். வாங்கியதும் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், மாற்றப்பட்ட செக்டர் (கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுத்த துண்டு), காத்திருக்கும் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத துண்டு) இரண்டின் எண்களையும் பாருங்கள். பூஜ்யமாக இருந்தது ஏற ஆரம்பித்தால் அன்றே காப்பி எடுங்கள்.

இன்னொரு கணக்கு. ஒரு மணி நேர ஒலி, சிடி தரத்தில் சுமார் 600 எம்பி. 23 கேசட்டும் சேர்த்து 14 ஜிபிதான். 2 டிபியில் திரும்பக் கிடைக்காதது அவ்வளவு சின்னது! அதை மட்டுமாவது கிளவுடிலும் போட்டு வையுங்கள்.

மழைக்குருவி:
டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டுவிட்டேன். லேப்டாப்பும் கிளவுடும் தானாக ஒத்திசைந்தால் அதுவே பேக்கப் ஆகாதா?

இரவு ஷிஃப்ட்:
ஆகாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் பேக்கப் வேண்டும். சரி, அந்த 23 கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?

மழைக்குருவி:
பரணில் தேடிவிட்டு வருகிறேன்... 19 இருக்கின்றன! நாலைக் காணோம். இரண்டில் நாடா மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

இரவு ஷிஃப்ட்:
ரொம்ப சந்தோஷம். அந்த வெள்ளை பூஞ்சையாக இருக்கும். அந்த இரண்டையும் ஓடவிடாதீர்கள். பிளேயர் வழியாக மற்றவற்றுக்கும் பரவும். தனி உறையில் போட்டு, ஒலிநாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மீதி 17ஐ இன்றே ஏற்றத் தொடங்குங்கள். காணாமல் போன நாலில் என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள். மீட்பு நிறுவனத்திடம் முதலில் எடுக்கச் சொல்ல வேண்டியவை அவைதான், அப்புறம்தான் போட்டோக்கள்.