ஃபினிஷர் போர்டு மாற்றியதும் எரர்: ஃபர்ம்வேர்தான் காரணமா?

கேள்வி:
கலர் காப்பியரில் ஃபினிஷர் (பிரதிகளை அடுக்கி ஸ்டேபிள் போடும் பகுதி) போர்டு போய், புதியது மாட்டினேன். மெஷின் ‘ரெடி’ வரைக்கும் வருகிறது. ஸ்டேபிள் போடச் சொன்னால் மட்டும் சர்வீஸ் கோடு (பழுதைக் காட்டும் எண்) வருகிறது. கனெக்டரை மூன்று தடவை கழற்றி மாட்டியாகிவிட்டது. ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்ற வேண்டுமா?

பதில் 1:
அதுவாக இருக்கலாம். போர்டில் பழைய வெர்ஷன், மெயின் கன்ட்ரோலரில் புதியது என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. வெர்ஷன்களைக் காட்டும் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்செடுத்துப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் முகவரிப் பட்டியலை பேக்கப் எடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு விட்டுவிட்டு, ஸ்கேன் முகவரிகளை மாலை வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் 2:
ஃபர்ம்வேர் ஏற்றும்போது நடுவில் திரை கறுத்துப்போனால் பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். போர்டே செத்துவிடலாம்.

கேட்டவர்:
வெர்ஷன் வித்தியாசம்தான்! முழுத் தொகுப்பையும் ஏற்றினேன். திரை கறுத்தது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது ஸ்டேபிள் விழுகிறது. நிறம் மட்டும் லேசாகச் சிவப்படிக்கிறது.

பதில் 1:
சரி, அப்புறம் நிறத்தைச் சரிசெய்ய ஒரு காலிபரேஷன் ஓட்டிவிடுங்கள்.