முதல் ரோட் பைக் வாங்கும்போது எங்கே ஏமாந்தீர்கள்?

வெள்ளவத்தைக்காரன்:

அலுவலகத்தில் இரண்டு பேர் ரோட் பைக் (மெல்லிய டயரும் வளைந்த கைபிடியும் உள்ள வேகச் சைக்கிள்) வாங்கப் போகிறார்களாம். என் பழைய பிழையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரி, இங்கேயும் எழுதி வைக்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

என் கையில் இருந்தது ஒன்றே முக்கால் லட்சம் ரூபா. ஏறி இறங்கிய கடைகளில் புதியது எதுவும் அந்தக் காசுக்கு எட்டவில்லை. பாவித்ததைத் தேடத் தொடங்கினேன். இரண்டு மாதம் விளம்பரம் பார்த்ததில் தலைக்குள் ஏறியது முழுக்க கியர் பெயர்கள்தான். சைக்கிள் கியர் செய்யும் ஷிமானோ கம்பனியில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 கியர், சோரா 9, டியாக்ரா 10. அப்படியென்றால் டியாக்ராதானே பெரியது? கல்கிசையில் ஒன்று விலைக்கு வந்தது. அலுமினியம் பிரேம், கார்பன் போர்க் (முன் சில்லைப் பிடிக்கும் கவை), கறுப்பு நிறம். பார்த்த உடனே மனசு போய்விட்டது. “சைஸ் 56, உங்களுக்கு அளவாக இருக்கும்” என்றார் விற்றவர். 56 என்பது சென்ரிமீற்றரில் பிரேமின் அளவு; என் உயரம் 5 அடி 6 அங்குலம். தெருவில் ஒரு நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

மூன்றாம் கிழமை பத்தரமுல்லை வரை போய்த் திரும்பியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிரேக்கை எட்டிப் பிடிப்பதே ஒரு வேலை. சீட்டை முன்னால் தள்ளினேன், கைபிடியை முன்னால் தாங்கும் 110 மில்லிமீற்றர் ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டேன். கொஞ்சம் ஆறுதல்தான். பெரிய சட்டை என்றால் கையை மடித்துவிடலாம், தோளை எப்படி மடிப்பது? என் உயரத்துக்கு அநேகமான கம்பனிகளில் 52 அல்லது 54தான் பொருந்தும். ஆறு மாதத்தில் நட்டத்துக்கு விற்றுவிட்டு கிளாரிஸ் போட்ட 52 ஒன்று எடுத்தேன். கியர் இரண்டு குறைந்ததை இன்று வரை நான் உணரவில்லை. கொழும்பில் எங்கே மலை இருக்கிறது, தெகிவளைப் பாலத்தைத் தவிர?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:

அண்ணா, உங்களுக்குக் கழுத்து, எனக்குக் காற்று. வாங்கிய மறுநாளே பின் டயர் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். பாஸ் காற்றுக் குழாயோடு வந்தார். வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் வால்வைப் பார்த்தார். “மல்லி, இது என்ன ஊசியா?” என்று சிங்களத்தில் கேட்டார். இந்த மெல்லிய பிரெஸ்டா வால்வில் முதலில் நுனி நட்டைத் தளர்த்த வேண்டும் என்று எனக்கே அப்போது தெரியாது. அவர் குழாயை வைத்து அமத்த, ஊசி வளைந்தது. நல்ல மனுசன், காசு வாங்கவில்லை, பிளேன்ரீயும் தந்தார். வீடு வரை தள்ளினேன்.

இப்போது மிளகு அளவு பித்தளை அடாப்டர் ஒன்று எப்போதும் சட்டைப்பையில். அதைப் போட்டால் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் எந்தக் குழாயும் பிடிக்கும்.

இன்னொன்று, டயர் அகலம். என்னுடையதில் வந்தது 23 மில்லிமீற்றர். அதை 110 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அடித்துக்கொண்டு புறக்கோட்டைப் பக்கம் போனால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். வடிகான் கம்பி இடைவெளியைக் கண்டாலும் பயம். 28 மாற்றினேன், 75 போதுமாக இருக்கிறது, என் நிறை 68 கிலோ. ஆனால் பழைய பிரேம் சிலவற்றில் 25க்கு மேல் நுழையாது. வாங்க முதல் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

பொரளை:

பொரளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போக ரோட் பைக் எதற்கு? நான் மட்கார்ட் போட்ட ஹைபிரிட் (நேர்க் கைபிடி, கொஞ்சம் தடித்த டயர்) எடுத்தேன். மே தொடங்கி செப்ரெம்பர் வரை உங்கள் முதுகெல்லாம் சேற்றுக் கோடு, என்னுடையது சுத்தம்.

தெகிவளை அக்கா:

எங்கள் பாலத்தை மலை என்று சொன்ன தம்பிக்கு முதலில் ஒரு கும்பிடு.

நான் விழுந்தது அழகில். ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்பு ரோட் பைக், மெல்லிய பார், நீலப் பெயின்ட். சில்லு 27 அங்குலம் என்றார்கள். இப்போதைய ரோட் பைக் சில்லு அளவான 700சியும் அதுவும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லை. டயர் ஓரத்தில் சின்னதாக எண் இருக்கும்: 700சி என்றால் முடிவில் 622, பழைய 27 என்றால் 630. எட்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. டயர் தேய்ந்தபோது கடை கடையாக அலைந்தேன். சீட் கம்பியும் உள்ளே இறுகிப்போயிருந்தது. இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி, கடல் காற்று, கேட்கவா வேண்டும்?

இரண்டாவது தரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிளிலேயே குடும்பம் நடத்திய மனுசன். பெயின்ட், கியர் ஒன்றையும் பார்க்கவில்லை. சேர்ட் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து செயினில் வைத்தார். புதுச் செயினில் ஒரு ஆணியில் பூச்சியத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு ஆணி சரியாக நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் கியர்ப் பல்லும் தேய்ந்திருக்கும், விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். “தம்பி, வடிவாகக் கழுவி வைத்திருக்கிறீர்” என்று மட்டும் விற்றவரிடம் சொன்னார். பெடியன் தானாகவே பதினையாயிரம் குறைத்தான்.

வெள்ளவத்தைக்காரன்:

அக்கா, கும்பிடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மரைன் டிரைவில் ஓடுபவன் நான், செயின் துருவைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் இரண்டு கிழமையில் சிவந்துவிடும்.

அலுவலகப் பெடியன் சனிக்கிழமை நுகேகொடையில் ஒன்று பார்க்கப் போகிறான், சைஸ் 54. என்னையும் வரச் சொன்னான். மகளின் கொப்பிப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து வைத்துவிட்டேன்.