மறு: நூலில் இல்லாத காட்சிக்கு ஒரு சொல் – ‘வருவிகாட்சி’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம்.

எலிசபெத் கேஸ்கெல்லின் நாவலைத் தழுவி பி.பி.சி. எடுத்த ‘நார்த் அண்ட் சவுத்’ தொடரின் நான்கு பகுதிகளையும் எல்லோரும் பார்த்து முடித்தாயிற்று. அதிலிருந்து இங்கே ஒரே வாக்குவாதம். பஞ்சாலை முதலாளி தார்ன்டன் நல்லவனா, கதாநாயகி மார்கரெட் ஹேல் அகங்காரியா என்ற கேள்விகள் எப்போதோ அடங்கிவிட்டன. நாவலில் இல்லாததைத் திரைக்கதை ஆசிரியர் எழுதிச் சேர்த்தால் அதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில்தான் நிற்கிறோம். நம் திரையியல் கலைச்சொல் பட்டியலில் ‘இடைச்செருகல்’ ஏறப்போகிறது என்று தெரிகிறது. அது ஏறக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தையும் மாற்றுச் சொல்லையும் கீழே எழுதுகிறேன்.

முதலில், வந்த மடல்களிலிருந்து மூன்று வரிகள்.

> தார்ன்டன் தொழிலாளியை அடித்து உதைப்பது நாவலில் கிடையாது. சந்தேகமே இல்லாத இடைச்செருகல். (அண்ணாச்சி)

> ரயில் நிலையத்தில் எல்லோரும் பார்க்க முத்தமிட்டுக்கொள்வதும் அப்படித்தான். விக்டோரியா காலத்துப் பெண் அப்படி நிற்பாளா? (தென்காசி அக்கா)

> ஆலைக்குள் பஞ்சு பனி போலப் பறக்கும் காட்சியும் நாவலில் இல்லையாமே. அதுவும் இடைச்செருகல்தானா? என் தாத்தா வேலை பார்த்த இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது போல இருந்தது. (விக்கிரமசிங்கபுரம் தங்கை)

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த விவாதத்திலேயே கனமான கேள்வி அதுதான்.

இடைச்செருகல் என்பது ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் சொல். ஒருவருடைய நூலுக்குள் இன்னொருவர் தம் சரக்கை நுழைத்து, அதுவும் மூல ஆசிரியர் எழுதியதே என்று நம்ப வைப்பதற்குப் பெயர் அது. இந்தத் தொடரில் அப்படி என்ன நடந்துவிட்டது? 2004இல் பி.பி.சி.யில் வந்த தொடர். திரைக்கதை சாண்டி வெல்ச் என்று பெயர் போட்டே வருகிறது. எலிசபெத் கேஸ்கெல்லின் நாவல் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் கடையில் கிடைக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இந்தச் சொல் எவ்வளவு எளிதாகக் கைக்கு வந்துவிடும் என்பதற்கு ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துக்கொள்ளலாம். கம்பனை அவர் அளவுக்கு அனுபவித்தவரும் பிறரை அனுபவிக்க வைத்தவரும் குறைவு. நெல்லையில் அவர் நடத்திய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டம் நம் சீமைக்கே பெருமை. ஆனாலும் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் வாக்கே அல்ல என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். அவர் மீது எனக்கு உள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் ரசனையை அளவுகோலாக வைத்து இடைச்செருகல் என்று தீர்ப்புச் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்பது தெரிகிறது. நம் குழுமத்திலும் அதுதான் நடக்கிறது. பிடிக்காத காட்சி இடைச்செருகலாம். பிடித்த காட்சி ‘அருமையான கற்பனை’யாம்.

உண்மையான இடைச்செருகல் எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு வெளியே தேட வேண்டாம். காரையாற்றுப் பக்கம், சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். பூணூலையும் குடுமியையும் அறுத்துப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே செருப்புத் தைத்து, பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த முத்துப்பட்டனின் கதை அது. கோவில் கொடைகளில் வில்லடித்துப் பாடிப் பாடி நம் ஊரில் வேர்பிடித்த காதல் கதை. அந்தக் கதையின் சில வடிவங்களில், பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு முன்கதை வந்து உட்கார்ந்துகொண்டது. அது பிற்காலச் சேர்க்கை என்பதைப் பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். அந்த ஒரு சேர்க்கை செய்த வேலையைப் பாருங்கள்: பட்டன் எதற்காகச் சாதியை விட்டானோ அதையே இல்லாமல் ஆக்கிவிட்டது. அந்தச் செருப்புக்கு அப்புறம் என்ன பொருள் இருக்கிறது? இடைச்செருகல் என்ற சொல்லின் முழுக் கோபமும் இதுபோன்ற செயலுக்கு வேண்டும். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கூடுதல் காட்சிக்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டால், வேண்டிய இடத்தில் சொல்லுக்குப் பலம் இருக்காது.

அப்படியானால் வேறு சொல்? உரையாசிரியர்களிடம் இருக்கிறது.

திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையைப் புரட்டினால் ‘அவாய்நிலையான் வந்தது’ என்ற தொடர் கண்ணில் படும். மூலத்தில் ஒரு சொல் இருக்காது. ஆனால் வாக்கியம் அதை அவாவி, அதாவது வேண்டி, நிற்கும். அந்தச் சொல்லை உரைகாரர் கொண்டுவந்து வைத்துப் பொருள் சொல்வார். அதற்கு வருவித்துரைத்தல் என்று பெயர். அவர் புதிதாக ஒன்றைத் திணிப்பதில்லை. மூலம் கேட்டதைக் கொடுக்கிறார். கேட்டது என்பதற்கு மூலத்திலேயே சான்றும் காட்டுகிறார்.

இதைக் காட்சிக்கும் பொருத்தலாம் என்று நினைக்கிறேன். நாவல் சொல்லாமல் சொல்லி, அவாவி நிற்கும் ஒன்றைத் திரையில் கொண்டுவந்து காட்டினால் அது வருவித்த காட்சி. சுருக்கமாக, ‘வருவிகாட்சி’. வருவித்த, வருவிக்கின்ற, வருவிக்கும் என முக்காலத்துக்கும் விரிவதால் வினைத்தொகை. எனவே வல்லினம் மிகாது. ‘வருவிக்காட்சி’ என்று எழுதிவிட வேண்டாம்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். நாவலில் பஞ்சுத் தூசி பெஸி ஹிக்கின்ஸின் வாய்ச்சொல்லாக வருகிறது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்த பெண் அவள். நுரையீரலைத் தூசி தின்றுவிட்டது. தூசியை இழுத்து வெளியே தள்ள ஒரு சக்கரம் உண்டு, ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், அதனால் லாபம் எதுவும் வராது, ஆகவே முதலாளிகளில் சிலரே அதை வைக்கிறார்கள் என்று மார்கரெட்டிடம் சொல்கிறாள். இன்னும் ஒன்று சொல்கிறாள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சக்கரம் வைத்த இடத்திலும் சில தொழிலாளிகள் அதை விரும்பவில்லையாம். தூசியை விழுங்கிப் பழகிய வயிறு, அது இல்லாமல் போனதும் பசிக்கத் தொடங்கிவிட்டதாம். சக்கரம் வைத்தால் கூலியையும் கூட்ட வேண்டும் என்றார்களாம்.

இத்தனை சொல்லும் நாவல், தூசி பறக்கும் அந்தக் கூடத்தை நம் கண்ணுக்குக் காட்டுவதில்லை. தொடர் காட்டுகிறது. மார்கரெட் கதவைத் தள்ளித் திறக்க, தறிகளுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மிதக்கிறது. அழகாக இருக்கிறது, அந்த அழகுதான் பெஸியைக் கொல்லப் போகிறது. பெஸி பேசிய பேச்சு முழுவதும் அவாவி நின்ற காட்சி இதுவே. இதை இடைச்செருகல் என்று எழுத என் கை ஓடாது.

நமக்கு இது கூடுதலாக உறைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. தாமிரபரணியின் நீர்விசையை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆலை எழுப்பிய ஊர்க்காரர்கள் நாம். தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே கோரல் மில் தொழிலாளிகள் 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கி, வ.உ.சி. உடன் நிற்க, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். கதை நடக்கும் மில்டன் என்ற ஆலை நகரத்தில் வேலைநிறுத்தத்தால் ஆலைச் சங்கு ஓய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது நம்மவர் யாருக்கும் அது காதல் கதைக்குப் பின்னால் கட்டிய திரைச்சீலையாகத் தெரியாது.

அண்ணாச்சி சொன்ன அடிதடிக் காட்சி சிக்கலானது. ஆலைக்குள் புகை பிடித்தவனைத் துரத்திப் பிடித்து உதைக்கிறான் தார்ன்டன். பஞ்சுக் கூடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது மில் வாசலில் தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் வாங்கி வைத்த காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். அந்தத் தீப்பயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காட்சி முழுவதையும் வருவித்ததாகச் சொல்ல மாட்டேன். மார்கரெட்டும் தார்ன்டனும் முதன்முதல் சந்திக்கும் காட்சி நாவலிலேயே இருக்கிறது: விடுதி அறையில், தந்தையைப் பார்க்க வந்தவன் மகளைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான். தன் அதிகாரத்துக்குப் பழகியவன், அவள் நடையையும் பார்வையையும் கண்டு கூசிப்போகிறான். நூல் வாய் திறந்து பேசியிருக்கும் இடத்தில் வருவிப்பதற்கு என்ன வேலை? இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது இது. ‘பதிலி காட்சி’ என்று எழுதலாம். எனக்கும் பிடிக்கவில்லை, அண்ணாச்சி. அந்த முதல் உதை மனத்தில் விழுந்தபிறகு பின்னால் அவன் காட்டும் கனிவை நம்ப நேரம் பிடிக்கிறது.

ரயில் நிலைய முடிவுக்குப் புதுச் சொல்லே வேண்டாம். நாவலிலும் இருவரும் சேர்கிறார்கள். லண்டனில் ஒரு வீட்டு அறைக்குள். மார்கரெட்டின் சொந்த ஊரான ஹெல்ஸ்டன் கிராமத்திலிருந்து தார்ன்டன் எடுத்துவந்த ரோஜா அங்கேயும் உண்டு. தொடரில் அது வடக்கே போகும் வண்டியும் தெற்கே போகும் வண்டியும் சந்திக்கும் நடைமேடைக்குப் போயிருக்கிறது. காட்சி இடம்பெயர்ந்தது, அவ்வளவே. அக்காவின் வருத்தம் நியாயமானது. அந்தக் காலத்தில் பொது இடத்தில் அப்படி நடந்திருக்காது. ஆனால் அது ஒழுக்க வழக்கத்தைப் பற்றிய குறை. சேர்க்கையைப் பற்றியது அல்ல. கேஸ்கெல்லே முடிவை நெருக்கடியில் எழுதியவர். டிக்கன்ஸ் நடத்திய இதழில் 1854 செப்டம்பரிலிருந்து 1855 ஜனவரி வரை தொடராக வந்தபோது இடம் போதவில்லை. நூலாக்கும்போது கடைசிப் பகுதியை அவரே விரித்து எழுதினார்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

அண்ணாச்சியின் மறுமொழி:

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு இடத்தில் இடிக்கிறது. அவாவுவது நூலா, பார்க்கிறவரா? உமக்குப் பிடித்த காட்சியை நூல் கேட்டது என்பீர். எனக்குப் பிடிக்காததை நூல் கேட்கவில்லை என்பேன். டி.கே.சி. மீது நீர் சொன்ன குறை உம் சொல்லுக்கும் வந்து சேரும். இன்னொன்று: மிதிலையில் மாடத்தில் நின்ற சீதையும் வீதியில் போன இராமனும் ஒருவரை ஒருவர் நோக்கியது வால்மீகியில் கிடையாது. வால்மீகி அதை அவாவினார் என்று எந்தச் சான்றை வைத்துச் சொல்வீர்? கம்பனுக்கு உம் அகராதியில் இடம் இல்லையா? தொல்காப்பியம் மரபியலில், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகையாக ‘விரித்தல்’ இருக்கிறதே. ‘விரிகாட்சி’ என்று வைத்தால் எல்லாம் அடங்கிவிடுமே.

---

அண்ணாச்சிக்கு,

கேள்வி கூர்மையானது. உரையாசிரியர்கள் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள் என்றே சொல்வேன்: வருவித்ததாகச் சொல்பவர் மூலத்தில் இடம் சுட்ட வேண்டும். பஞ்சுக் காட்சிக்குப் பெஸியின் பேச்சை என்னால் சுட்ட முடிந்தது. தொடரில் மார்கரெட் 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் தார்ன்டனைச் சந்திக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அவன் இயந்திரங்களைப் பற்றிப் பேச, சுற்றி நிற்பவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு நாவலில் ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியாது. ஆகவே பிடித்திருந்தும் அதை வருவிகாட்சி என்று எழுத மாட்டேன். ரசனைக்கும் சொல்லுக்கும் நடுவே இந்தச் சான்று நிற்கட்டும்.

கம்பனுக்கு நீங்கள் சொன்ன ‘விரிகாட்சி’யே சரி. அந்த நோக்கை வால்மீகி கேட்கவில்லை. களவையும் கற்பையும் பாடிப் பழகிய தமிழ் கேட்டது. காட்சியில்தானே நம் களவியல் தொடங்குகிறது. மூலம் கேட்டால் வருவிகாட்சி, ஏற்கும் மண்ணோ காலமோ ஆசிரியரோ விரும்பிச் சேர்த்தால் விரிகாட்சி. பெருங்கண்காட்சி இரண்டாவதில் சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒளிப்பதிவாளர்கள் விரிகாட்சி என்றால் அகலமாக எடுத்த காட்சி என்று புரிந்துகொள்ளலாம். பட்டியலில் விளக்கம் சேர்த்துவிடுவோம்.

பட்டியலுக்கு நான் அனுப்ப நினைக்கும் பதிவு:

வருவிகாட்சி: தழுவல் படைப்பில், மூல நூல் நேரே காட்டாமல் குறிப்பால் வேண்டி நிற்கும் நிகழ்வைத் திரையில் அமைத்துக் காட்டும் காட்சி. எடுத்துக்காட்டு: “ஆலைக்குள் பஞ்சு பறப்பது, பெஸியின் பேச்சிலிருந்து எழுந்த வருவிகாட்சி.”

தென்காசி அக்கா, தொடரைப் பற்றி நீங்கள் எழுதிவரும் மதிப்புரையில் இந்தச் சொல்லை விளக்கம் எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் போட்டுப் பாருங்கள். வாசிப்பவர்கள் தடுக்காமல் கடந்து போகிறார்களா என்று சொல்லுங்கள். அதன்பிறகு பட்டியலில் ஏற்றுவோம்.