நின்றவுடன் தரையைத் தொடும் கால் எது? மிதிவண்டி ஓட்டுபவர்களின் அனுபவப் பகிர்வு

நெடுந்தொலைவு ஓட்டுபவர் (தொடக்கப் பதிவு)

ஒருவர் வண்டியை நிறுத்தும்போது எந்தக் காலை ஊன்றுகிறார் என்பதை அவரிடம் கேட்கத் தேவையில்லை. மிதியோடு பூட்டிக்கொள்ளும் காலணி அணிபவராக இருந்தால் அதைத் திருப்பிப் பார்த்தாலே போதும். என் இடக்காலணியின் அடியில் உள்ள கிளீட்டின் (மிதியில் மாட்டிக்கொள்ளும் சிறு துண்டின்) முன்விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. வலக்காலணியில் இருப்பதிலோ, தேய்மானத்தைக் காட்டுவதற்காக அச்சிட்ட புள்ளிகூட இன்னும் அழியவில்லை. என்னோடு வண்டி ஓட்டும் நண்பர்களின் காலணிகளையும் பார்த்தேன்; பெரும்பாலும் இதே கதைதான். ஒருவருக்கு மட்டும் வலப்பக்கம் தேய்ந்திருந்தது.

காரணம் கேட்டால் எல்லோரும் "பழக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நாம் ஊன்றும் காலைத் தேர்ந்தெடுப்பதே இல்லை என்பது என் எண்ணம். மறுபடியும் கிளம்பும்போது முதல் மிதியை அழுத்தப்போகும் காலைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் கால் மிதியிலேயே இருந்துவிடுவதால், மிஞ்சிய கால் தரைக்கு வருகிறது. வலக்காலில் வலுவும் நுணுக்கமும் மிகுந்தவர்களே உலகில் பெரும்பான்மை என்பதால் இடக்கால் தரைக்கு வருவதும் பெரும்பான்மையாக இருக்கிறது. இதற்கு மாறான அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாக, எந்தக் காலை ஊன்றுகிறீர்கள், காலை மாற்ற நேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

நகருக்குள் வேலைக்குச் சென்றுவருபவர்

நண்பர் சொல்வது திறந்த சாலைக்குப் பொருந்தலாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் எங்களைப் போன்றவர்களுக்குக் காலைத் தீர்மானிப்பது நடைபாதையின் ஓரக்கல்தான். அளவாகப் பொருத்திய இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, மிதி அடியில் இருக்கும் நிலையில் கால் ஏறத்தாழ முழுவதும் நீண்டுவிடும். அந்த மிதிக்கும் தரைக்கும் இடையே பெரும்பாலான வண்டிகளில் இன்னும் சுமார் 10 செ.மீ. இடைவெளி இருக்கிறது. ஆகவே இருக்கையை விட்டு இறங்காமல் பாதத்தை முழுதாகத் தரையில் பதிக்க இயலாது. விரல் நுனி மட்டும் எட்டும். ஓரக்கல்லின் உயரமும் ஏறக்குறைய அந்த 10 செ.மீ.தான், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். எனவே அதன்மேல் பாதத்தை வைத்துவிட்டால் இருக்கையிலிருந்து எழாமலேயே நிற்கலாம். விளக்கு மாறியதும் அப்படியே கிளம்பலாம். இந்த வசதியை ஒருமுறை கண்டுகொண்டவர் பிறகு ஓரக்கல் இருக்கும் பக்கத்துக் காலைத்தான் நம்புவார்.

வண்டிகள் இடப்புறம் செல்லும் நாட்டில் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, வலப்புறம் செல்லும் நாட்டில் குடியேறியபோது எனக்கு இது தெளிவாகப் புரிந்தது. ஓரக்கல் வலப்பக்கம் போய்விட்டது. தொடக்கத்தில் பழைய வழக்கப்படி இடக்காலையே ஊன்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கால் வாகனங்கள் கடந்து செல்லும் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டியும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். பேருந்து ஒன்று உரசுவதுபோல் வந்து நிற்கும்போது இது சுகமான நிலை அல்ல. நாளடைவில் யாரும் சொல்லாமலேயே வலக்கால் ஓரக்கல்லுக்குப் போகத் தொடங்கிவிட்டது. அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: சங்கிலி இருப்பதும் வலப்பக்கம்தானே! வலக்காலை ஊன்றி வண்டியை அந்தப் பக்கம் சாய்க்கும்போது முன்பல்சக்கரம் கெண்டைக்காலின் உட்புறத்தில் வந்து பதிகிறது. மாலையில் வீடு திரும்பும்போது பல்வரிசையின் அச்சு கறுப்பு எண்ணெயில் அப்படியே பதிந்திருக்கும்.

ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடப்புறப் போக்குவரத்தை வலப்புறத்துக்கு மாற்றினார்கள். அன்று மிதிவண்டி ஓட்டியவர்களுக்கும் ஓரக்கல் ஒரே காலையில் பக்கம் மாறியது. சங்கிலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்களுடைய காற்சட்டைகள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்கிறேன்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவர்

என் அனுபவம் மிகச் சுருக்கமானது. மோட்டார் சைக்கிளில் பின்பிரேக் வலக்காலில் இருக்கிறது. மேட்டில் நிற்கும்போது அதை விட்டால் வண்டி பின்னால் உருளும் என்பதால் வலக்கால் பிரேக்கில், இடக்கால் தரையில் என்பது கேள்விக்கு இடமில்லாத ஏற்பாடு. மிதிவண்டியில் இரண்டு பிரேக்குகளும் கையிலேயே இருப்பதால் வலக்காலுக்கு அந்த வேலை இல்லை; ஆனாலும் அது இறங்க மறுக்கிறது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. 1970-களின் நடுவில் அமெரிக்க விதிகள் கியரை இடக்காலுக்குக் கட்டாயமாக்கிய பிறகுதான் இன்றைய அமைப்பு உலகெங்கும் நிலைபெற்றது. அத்தகைய பழைய வண்டியிலேயே ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் எனக்குத் தெரியும். மிதிவண்டியிலும் அவர் வலக்காலைத்தான் ஊன்றுவார்.

பெரியவர்களுக்கு மிதிவண்டி கற்றுக்கொடுப்பவர்

தொடக்கப் பதிவில் சொல்லியிருப்பதோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் "வலுவான கால்" என்ற விளக்கம் முழு உண்மை அன்று. நாற்பது, ஐம்பது வயதில் முதன்முதலாகக் கற்க வருபவர்களிடம் பழக்கம் என்று எதுவும் இருப்பதில்லை. அவர்கள் எந்தக் காலை ஊன்றுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்று நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். முதுகில் மெல்லத் தட்டினால் எந்தக் காலை முன்னே எடுத்து வைக்கிறார், பந்தை எந்தக் காலால் உதைக்கிறார் என்றெல்லாம் பார்ப்பதுண்டு. பந்தை வலக்காலால் உதைப்பவர் அந்த நேரத்தில் இடக்காலில்தான் உடலைத் தாங்கி நிற்கிறார். ஆகவே வலக்கால் கிளம்புவதற்கு உகந்தது என்று சொல்வதைப் போலவே, இடக்கால் நிற்பதற்கு உகந்தது என்றும் சொல்லலாம். இரண்டில் எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கற்பவர்களுக்கு உண்மையான சிக்கல் எந்தக் கால் என்பதில் இல்லை, எப்போது என்பதில் இருக்கிறது. வண்டி நிற்பதற்கு முன்பே அச்சத்தில் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு, விரல் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். மிதி சுழன்றுவந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். அண்மையில் வந்த ஓர் அம்மையார், இருக்கையை அடியோடு இறக்கினால்தான் ஏறுவேன் என்றார். இறக்கிக் கொடுத்தேன். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. ஆனால் கிளம்பும்போது முழங்கால்கள் மார்பு வரை வந்தன. பிறகு இருக்கையை உயர்த்தி, பிரேக்கை அழுத்தியபடி முன்னால் நகர்ந்து, இருக்கையை விட்டு இறங்கி, நடுக்குழாய்க்கு இருபுறமும் கால்களை வைத்து நிற்கும் முறையைக் காட்டினேன். ஊன்றும் கால் இறங்குவதற்கு முன் மற்றொரு கால் அடிமிதியில் நின்று உடலின் எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டவுடன் அம்மையாரின் அச்சம் போய்விட்டது.

அதன் பின்னர்தான் கிளம்பும் வேலை. மிதியில் இருக்கும் காலின் மேற்புறத்தை மிதிக்கு அடியில் கொடுத்துப் பின்னோக்கித் தூக்கி, கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்துக்கு மிதியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அங்கிருந்து அழுத்தினால் வண்டி நேராகப் புறப்படும். ஃப்ரீவீல் உள்ள வண்டியில், அதாவது மிதியைப் பின்னோக்கி வெறுமனே சுழற்றக்கூடிய வண்டியில், இது எளிது. பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை வண்டியில் மிதி பின்னால் சுழலாது. எனவே அதை ஓட்டுபவர் நிற்கும்போதே எந்த மிதி எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற வேண்டியதுதான். இத்தகைய வண்டியில் கற்றவர்கள் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கண்டிருக்கிறேன்; மிதி நின்ற நிலைக்கேற்ப அவர்கள் காலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பழுதுபார்ப்பவர்

பழுதுக்கு வரும் வண்டிகளைக் கொண்டே நான் பேச முடியும். வலப்பக்கம் விழுந்த வண்டியில், சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவியான பின் டெரெய்லரைத் தாங்கும் சிறு உலோகத்துண்டு வளைந்திருக்கும். கியர் தாறுமாறாக விழும். இடப்பக்கம் விழுந்ததில் கைப்பிடி உறையும் மிதியின் விளிம்பும் சிராய்த்திருப்பதோடு சரி. அதனால் வண்டியைக் கிடத்துவதானாலும் சாய்ப்பதானாலும் இடப்பக்கமே என்று எல்லோருக்கும் சொல்லி வைப்பேன். பக்கவாட்டு ஸ்டாண்டும் இடப்பக்கம்தான் இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் இடப்பக்கம் நடக்கிறார், இடப்பக்கம் நின்று ஏறுகிறார், இறங்குவதும் அங்கேயே. சேற்றிலும் மேட்டிலும் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் சைக்ளோகிராஸ் பந்தயக்காரர்கள்கூட வலக்காலைப் பின்னால் வீசி இடப்பக்கம் குதித்து, வண்டியை வலத்தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். சங்கிலி உடலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பதே காரணம். இவ்வளவும் இடப்பக்கம் நடக்கும்போது ஊன்றும் கால் மட்டும் தனியாக வலப்பக்கம் போகுமா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பெரியவர்களின் வண்டியைக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்களுக்குத் தேர்வே கிடையாது. வலக்கால் நடுக்குழாய்க்கு அடியில் நுழைந்து மறுபக்க மிதியில் மாட்டிக்கொண்டிருக்கும். உடல் முழுவதும் இடப்பக்கம் தொங்கும். நிறுத்தினால் ஊன்றுவதற்கு இருப்பது இடக்கால் ஒன்றுதான். பிறகு வளர்ந்து இருக்கையில் அமர்ந்தாலும் அது அப்படியே நிலைத்துவிடுகிறது.

நெடுந்தொலைவு ஓட்டுபவர்

பழுதுபார்க்கும் நண்பரின் பதிவு என்னை யோசிக்க வைக்கிறது. காலின் வலு, சங்கிலி, ஏறும் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஓரக்கல் மட்டும் நாட்டுக்கு நாடு கட்சி மாறுகிறது. வலப்புறப் போக்குவரத்து உள்ள நாடுகளில் நீண்ட காலம் ஓட்டியவர்கள் யாரேனும் இருந்தால், ஓரக்கல் இல்லாத இடத்தில் நீங்கள் எந்தக் காலை ஊன்றுகிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். நகரில் ஓட்டும் நண்பரே, உங்களிடமும் இதைத்தான் கேட்கிறேன்.

நகருக்குள் வேலைக்குச் சென்றுவருபவர்

இடக்கால்தான். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ஓரக்கல்லுக்குப் பக்கத்தில் வலக்கால், சாலையின் நடுவே திரும்புவதற்காகக் காத்திருக்கும்போது இடக்கால்.

பூட்டு மிதி பயன்படுத்துபவர்

எந்தக் காலை ஊன்றுவது என்ற கேள்வி பூட்டு மிதியில் வேறு உருவம் எடுக்கிறது, ஏனென்றால் அங்கே முடிவை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். 1984-இல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்குக் காலணிப் பூட்டின் முறையை மிதிக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் இனோ அதே மிதிகளோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அன்று முதல் குதிகாலை வெளிப்பக்கம் திருகி விடுவிப்பது நம் கைவழக்கம், அல்லது கால்வழக்கம், ஆகிவிட்டது. திருகிய கால் ஒன்று, பூட்டிய கால் ஒன்று; விழுவதோ எப்போதும் பூட்டிய கால் பக்கம்தான்.

குழுவாகச் சென்றபோது என் முன்னால் சென்றவருக்கு அது நேர்ந்ததை மிக அருகிலிருந்து பார்த்தேன். சந்திப்பை நெருங்கும்போது அவர் ஒழுங்காக இடக்காலை விடுவித்துக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வந்தார். நின்ற இடத்தில் சாலை வலப்பக்கம் சரிந்திருந்தது. முன்சக்கரம் ஒரு கல்லில் இடித்து, கைப்பிடி இடப்பக்கம் சற்றே திரும்பியது. எடை முழுவதும் வலப்பக்கம் போயிற்று. இடக்கால் தயாராக நீட்டியபடி இருக்க, மனிதர் வெட்டிய வாழைபோல் மெதுவாக மறுபக்கம் சாய்ந்தார். முழங்கையில் சிராய்ப்பும் வளைந்த டெரெய்லரும் மட்டுமே மிச்சம்.

அன்று எங்களில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். இடக்காலை ஊன்ற விரும்பினால், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் கடைசிக் கணத்தில் கைப்பிடியை வலப்பக்கம் மிகச் சிறிதளவு திருப்ப வேண்டும். சக்கரங்கள் உடலுக்கு அடியில் வலப்பக்கம் நகர, உடல் தானாக இடப்பக்கம் சாய்ந்து தயாராக உள்ள காலின் மேல் வந்து அமரும். இதை வெற்றுத் திடலில் சாதாரண மிதியோடு பழகிக்கொண்ட பிறகு பூட்டு மிதிக்குச் செல்வது நல்லது.

முழங்கால் அறுவை செய்துகொண்டவர்

என்னுடைய இடமுழங்காலில் அறுவை நடந்த பிறகு, திடீரென்று எடையைத் தாங்க வைக்காதீர்கள் என்று இயன்முறை மருத்துவர் எச்சரித்திருந்தார். மிதிப்பது பிரச்சினையே இல்லை, அது பயிற்சியின் பகுதியாகவே இருந்தது, நிற்பதுதான் பிரச்சினை. வாழ்நாள் முழுவதும் இடக்காலை ஊன்றியவன் வலக்காலுக்கு மாறினேன். ஊன்றுவது ஓரிரு வாரங்களில் வசப்பட்டது. இடக்காலால் முதல் மிதியை அழுத்திக் கிளம்புவதோ நெடுநாள் வரவில்லை. வண்டி பாம்புபோல் நெளிந்தது, இருக்கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கற்றுக்கொடுக்கும் அன்பர் சொன்ன "காரணம் எது, விளைவு எது" என்ற கேள்விக்கு என் உடல் தந்த விடை இதுதான்: நிற்கும் காலை எளிதாக மாற்றலாம், கிளம்பும் காலை மாற்றுவது கடினம். இப்போது முழங்கால் தேறிவிட்டது, பழையபடி இடக்காலுக்கே திரும்பிவிட்டேன். மேட்டில் நிற்க நேர்ந்தால் மட்டும் இன்னும் வலக்கால்தான்.

இருவர் ஓட்டும் வண்டிக்காரர்

நானும் என் மனைவியும் டேண்டம் ஓட்டுகிறோம். எங்கள் வண்டியில் மிதிகள் ஒரே சங்கிலியால் இணைந்திருப்பதால் இருவருடைய மிதிகளும் ஒன்றாகவே சுழலும். எனவே இந்தக் கேள்வியைப் பேசி முடித்த பிறகுதான் கிளம்பவே முடியும். முன்னால் இருப்பவர் கால்களை அகல வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி இரண்டு கால்களையும் ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டும்; பின்னால் இருப்பவர் மிதியிலிருந்து காலை எடுக்கவே கூடாது. இது முறையான வழக்கம். தொடக்கத்தில் என் மனைவி நின்றதும் தன் இயல்புப்படி வலக்காலை இறக்குவார். நான் இடக்காலை நோக்கிச் சாய்த்துக்கொண்டிருப்பேன். வண்டி இரண்டு பக்கமும் இழுபட்டுத் தள்ளாடும். இப்போது நிற்பதற்கு முன் நான் "நிற்கிறோம்" என்று குரல் கொடுக்கிறேன். அவர் மிதியிலேயே அமர்ந்திருந்து, நான் சொல்லும் நிலைக்கு மிதியைச் சுழற்றி வைக்கிறார். எந்த மிதி மேலே வர வேண்டும் என்பதில் அவருடைய வலுவான கால் இடக்கால், என்னுடையது வலக்கால். வண்டியைத் தாங்குபவன் நான் என்பதால் என் கால் வென்றது. நீண்ட ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது மட்டும் அவர் காலுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.