ரோடோப்பி மலைக்கு அம்மாவோடு போகலாமா?

வேலன்80:
மே மாதம் பல்கேரியா போகிறோம். ப்லோவ்திவ் நகரம் பார்த்த பிறகு மூன்று நாள் கையில் இருக்கிறது. ரோடோப்பி மலையில் குகை, கிராமம் எல்லாம் ஒரே நாளில் காட்டுவதாக ஒரு வேன்காரர் சொல்கிறார். கூட வரும் அம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலி, சுத்த சைவம். ஒரு நாள் போதுமா?

மருதாணி:
போதாதுங்க. ப்லோவ்திவில் மருத்துவம் படித்த ஆறு வருஷமும் லீவு விட்டால் நான் ஓடியது அந்த மலைக்குத்தான். மூன்று நாளையும் அங்கேயே கொடுங்கள்.

போகும் வழியில் பாச்கோவோ மடாலயம், 1083இல் கட்டியது. அரை மணி நேரம் போதும். ராத்தங்கல் ஷிரோகா லாகா கிராமத்தில் வையுங்கள். ஆற்றின் மேல் வளைந்த கல்பாலங்கள், மேல்மாடி வெளியே துருத்தி நிற்கும் வெள்ளை வீடுகள், கல்பலகை வேய்ந்த கூரை.

த்ரிகிராத் மலையிடுக்கில் இருக்கும் குகைக்குப் பெயர் 'பிசாசின் தொண்டை'. ஆறு அப்படியே உள்ளே விழுகிறது, 42 மீட்டர். கிரேக்கப் புராணத்துப் பாடகன் ஓர்ஃபியஸ் மனைவியைத் தேடிப் பாதாளத்துக்கு இறங்கிய வழி இதுதான் என்பார்கள். சுரங்கப்பாதையில் நுழைந்ததும் இரைச்சல் நெஞ்சில் அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாது. ஆனால் வெளியேறும் பக்கம் 301 படி, செங்குத்து, ஈரம். அம்மா வந்த வழியே திரும்ப முடியுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் 'பதாத்னிக்' கேளுங்கள். நான் தங்கிய வீட்டுப் பாட்டி உருளைக்கிழங்கைத் துருவி, கையால் தண்ணீரைப் பிழிந்து, வெங்காயமும் புதினா மாதிரி ஒரு தழையும் சேர்த்து, கனமான சட்டியில் சிறுதீயில் வைத்தார். அடி சிவந்ததும் ஒரு தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பிப் போட்டார். அந்த மொறுமொறுப்பு இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. ஸ்மில்யான் ஊர்ப் பெரிய பீன்ஸும் நல்லது. எதற்கும் 'பெஸ் மெசோ', அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள். அங்கே 'ஆமாம்' என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள், அதனால் வாயால் 'தா' (ஆமாம்) என்று சொன்னால்தான் நம்ப வேண்டும்.

ரயில்பிரியன்:
குட்டி ரயிலை விட்டுவிட்டீர்களே! செப்தெம்வ்ரியிலிருந்து தோப்ரினிஷ்தே வரை 125 கிலோமீட்டர், 760 மில்லிமீட்டர் மட்டுமே அகலமான தண்டவாளம், ஐந்து மணி நேரம்.

மருதாணி:
அருமையான பயணம்தான். ஆனால் அது மேற்கே தள்ளிப் போகிற பாதை, ஷிரோகா லாகாவுக்கு உதவாது. இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

வேலன்80:
ஒரு நாள் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அம்மாவுக்குப் பொழுது போகுமா?

மருதாணி:
வீட்டுக்காரரிடம் 'காபா கய்தா' வாசிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி ஊதுவது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி அடியில் ஒரே சுரம் நிற்கும், மேலே பாட்டு அழும். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்த மலையின் வால்யா பல்கான்ஸ்கா பாடிய பாட்டு இருக்கிறது, பின்னணி இதே கய்தாதான். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள், மே மாதமும் ராத்திரி குளிரும்.